பிஸ்கட் கலர் பெட்டியின் சரித்திரம்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது நான் ஒரு பழைய கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "நீங்க கம்ப்யூட்டர் ஆளு. அதைப் பத்தி ஏதாவது சரித்திரக் கட்டுரை மாதிரி எழுதிக் கொடுங்க. ஆனா தமிழ் இலக்கியம் படிச்சவங்களுக்கும் புரியணும், இப்ப படிக்கிற பசங்களுக்கும் போரடிக்கக் கூடாது" என்றார்கள். எவ்வளவு பெரிய நிபந்தனை இது! சிப், சாஃப்ட்வேர் என்று ஆரம்பித்தால் முதல் பத்தியிலேயே பாதிப் பேர் குரூப் போட்டோ பார்க்கப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அதனால் கையில் இருந்ததைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தேன். கையில் இருந்தது டப்பா.

ஆம், வெறும் டப்பாதான். நம் ஊரில் எல்லாரும் இதை 'சி.பி.யூ.' என்கிறோம். உண்மையில் சி.பி.யூ. என்பது உள்ளே, விசிறிக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு சில்லுவின் பெயர். பெட்டிக்குக் கடைத்தெருவில் பெயர் கேபினெட். வீட்டையே குடும்பத் தலைவர் பெயரால் அழைப்பது போல, பெட்டிக்குச் சில்லுவின் பெயரை வைத்துவிட்டோம். சொந்தமாக ஒரு பெயர் கூட இல்லாத பொருளுக்கு சரித்திரம் மட்டும் எப்படி இருக்கும் என்று கேட்கலாம். இருக்கிறது. சுவாரசியமாகவே இருக்கிறது.

1990இல் நான் பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்த வருடம், நம் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைய வேண்டுமானால் செருப்பை வெளியே விட வேண்டும். கல்லூரியிலேயே ஏ.சி. வைத்த ஒரே அறை அதுதான். முதல்வர் அறையில் கூட மின்விசிறிதான். எட்டு மெஷின்கள். எட்டுக்கும் தையல்காரரிடம் தைத்து வாங்கிய துணி உறை. உறையை நீக்கினால் எட்டும் ஒரே மாதிரி: பிஸ்கட் கலரில் தட்டையான இரும்புப் பெட்டி, அதன் தலையில் பச்சை எழுத்து மானிட்டர். அந்த அறையைப் பார்த்துக்கொண்ட அட்டெண்டர் அண்ணன் ஒருநாள் கேட்டார்: "ஏம்ப்பா, இவ்ளோ மூளை உள்ள மிஷினுங்கிறீங்க. டப்பா மட்டும் ஏன் பீரோ கம்பெனிக்காரன் செஞ்ச மாதிரி இருக்கு?" நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. அவர் கேட்டது சரியான கேள்வி என்று புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விலக்கி விடுகிறேன். கம்ப்யூட்டர் செய்தவர்களுக்கு அழகுணர்ச்சியே கிடையாது என்பது உண்மையல்ல. இத்தாலியில் ஒலிவெட்டி நிறுவனம் 1959இல் 'எலியா 9003' என்ற பெரிய கணிப்பொறியைக் கொண்டுவந்தபோது அதன் உருவத்தை வடிவமைத்தவர் எத்தோரே சோத்சாஸ். அதற்காக அந்நாட்டின் பெரிய வடிவமைப்பு விருதையும் பெற்றார். அதே ஒலிவெட்டியின் கடை ஒன்றை நியூயார்க்கில் பார்த்து மனம் பறிகொடுத்த ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர், 1956இல் எலியட் நோய்ஸ் என்ற கட்டடக் கலைஞரை அழைத்து, நிறுவனத்தின் உருவத்தையே மாற்றும் பொறுப்பைக் கொடுத்தார். 1964இல் வந்த 'சிஸ்டம்/360' மெஷின்கள் சிவப்பு, நீலம் என்று நிறம் நிறமாகக் கிடைத்தன. 1976இல் வந்த சூப்பர் கம்ப்யூட்டர் 'கிரே-1' ஆங்கில 'சி' எழுத்து வடிவில் நிற்கும். சுற்றிலும் மெத்தை வைத்த பெஞ்சு. யாரோ ஆசைக்குச் செய்த அலங்காரம் இல்லை அது. உள்ளே ஓடும் ஒயர்கள் குட்டையாக இருக்க வேண்டும் என்பதற்காக வளைத்தார் சீமோர் கிரே; பெஞ்சுக்கு அடியில் இருந்தது மின்சப்ளை. 1980களில் தமிகோ தியேல் என்ற பெண்மணி வடிவமைத்த 'கனெக்‌ஷன் மெஷின்' கறுப்புக் கனசதுரம். உள்ளே நடப்பதெல்லாம் சிவப்பு விளக்குகளாக மின்னும். பக்கத்தில் போக பயமாக இருக்குமாம். அப்படிப்பட்ட பரம்பரையில் பிறந்த மேஜைக் கம்ப்யூட்டர் மட்டும் ஏன் பீரோ ஆயிற்று?

அட்டெண்டர் அண்ணன் சொன்ன பீரோ விஷயத்துக்கு வருகிறேன். 1977இல் அமெரிக்காவில் ஒரே வருடத்தில் மூன்று வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. அதில் ஒன்று காமடோரின் 'பெட்'. காமடோருக்குக் கனடாவில் இரும்பு ஆபீஸ் சாமான், ஃபைல் அலமாரி செய்யும் தொழிற்சாலை இருந்தது. கையில் தகடு வெட்டும் மெஷின் இருக்கும்போது பிளாஸ்டிக்குக்கு எதற்குச் செலவு? 'பெட்'டின் உடம்பு தகட்டிலேயே வந்தது. ஆக, பீரோ கம்பெனிக்காரன் செஞ்ச மாதிரி இல்லை, நிஜமாகவே ஃபைல் அலமாரி கம்பெனிக்காரன் செஞ்சதுதான்!

மற்றொன்று 'ஆப்பிள் II'. அதற்கு முந்தைய வருடம் ஆப்பிள் விற்ற முதல் கம்ப்யூட்டருக்கு டப்பாவே கிடையாது. 666 டாலர் 66 சென்ட் கொடுத்தால் ஒரு சர்க்யூட் போர்டு கிடைக்கும். வாங்கியவர் தச்சரிடம் போய் மரப்பெட்டி செய்துகொண்டால் அவர் சாமர்த்தியம். இரண்டாவது மாடலுக்கு ஜெர்ரி மேனக் என்ற வடிவமைப்பாளர் பிளாஸ்டிக்கில், சமையலறையில் வைத்தாலும் உறுத்தாத மாதிரி ஓர் உடம்பு செய்தார். மூடியைக் கையால் தூக்கலாம், உள்ளே எட்டு ஸ்லாட். டப்பா என்ற ஒன்றைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது அதைப் பார்த்தாலே தெரியும்.

அதற்கும் முன்னால், 1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையின் அட்டையில் 'ஆல்டேர் 8800' வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. கம்ப்யூட்டரை ரயில் பார்சலில் அனுப்பினார்கள், பார்சல் தொலைந்துவிட்டது. பத்திரிகைக்கோ அவசரம். ஒரு காலிப் பெட்டியை எடுத்து, முகப்பில் விளக்கும் சுவிட்சும் வைத்து, போட்டோ பிடித்து அட்டையில் போட்டுவிட்டார்கள். உலகத்தை மாற்றிய கம்ப்யூட்டர் என்று பெயர் பெற்றதை மக்கள் முதன்முதலில் பார்த்தது வெறும் டப்பாவாகத்தான்.

நிற்க. பிஸ்கட் கலர் பெட்டியின் பிறந்த நாள் 1981 ஆகஸ்ட் 12. அன்றுதான் ஐ.பி.எம். தன் 'பி.சி.'யை அறிவித்தது. ஃப்ளோரிடாவில் போக்கா ரேட்டன் என்ற ஊரில், டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சிறு குழு, ஏறத்தாழ ஒரே வருடத்தில் செய்து முடித்தது. அவ்வளவு வேகமாக முடித்த ரகசியம் எளிது. எதையும் புதிதாகச் செய்யவில்லை. இன்டெல்லிடமிருந்து 8088 சில்லு, வேறு கம்பெனியின் டிஸ்க் டிரைவ், மைக்ரோசாஃப்டின் டாஸ். எல்லாவற்றையும் வாங்கி, சுமார் 20 அங்குல அகலம், 16 அங்குல ஆழம், ஐந்தரை அங்குல உயரம் உள்ள இரும்புப் பெட்டியில் போட்டுத் திருகினார்கள். கனமான மானிட்டரைத் தலையில் சுமக்க வேண்டுமே, அதனால் தட்டை.

அந்த நிறம்? அதற்கு ஐ.பி.எம். மட்டும் பொறுப்பில்லை. 1970களின் பிற்பகுதியில் மேற்கு ஜெர்மனியில் அலுவலகக் கருவிகள் வெளிர்நிறத்தில் இருக்க வேண்டும் என்று பணியிட விதிகள் வந்தன. வெள்ளைக் காகிதத்தையும் கறுப்புக் கருவியையும் மாறி மாறிப் பார்த்தால் கண் களைத்துப்போகும் என்பது காரணம். ஜெர்மனிக்கு ஒரு நிறம், மற்ற நாட்டுக்கு ஒரு நிறம் என்று செய்வதற்கு எந்தக் கம்பெனிக்கு மனம் வரும்? எல்லாருக்கும் ஒரே பிஸ்கட். இந்த விதி எவ்வளவு பிடிவாதமானது என்றால், 1992இல் ரிச்சர்டு சாப்பர் வடிவமைத்த கறுப்புத் 'திங்க்பேட்' வந்தபோது, ஜெர்மனியில் அது அலுவலக உபயோகத்துக்கு அல்ல என்று குறிப்புப் போட்டு விற்க வேண்டியிருந்தது!

இரும்புக்கும் ஒரு சட்டக் காரணம் உண்டு. கம்ப்யூட்டரின் உள்ளே வேகமாகத் துடிக்கும் மின்சாரம் ரேடியோ அலையாக வெளியே கசியும். பக்கத்து வீட்டு டி.வி.யில் கோடு விழும். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1979இல் இதற்குக் கடுமையான விதி போட்டது. 1977இன் மூன்றாவது கம்ப்யூட்டரான 'டி.ஆர்.எஸ்.-80'இன் முதல் மாடல் அந்த விதிக்குள் அடங்க முடியாமலே 1981 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. அலையை அடக்க எளிய வழி, சுற்றிலும் உலோகம். இதற்குப் பயந்துதான் 'ஆப்பிள் III'க்கு (1980) கனமான அலுமினிய உடம்பு செய்தார்கள். அந்த உடம்பே சூட்டை வெளியேற்றும் என்று நம்பி விசிறி வைக்கவில்லை. மெஷின் சூடேறி, உள்ளே இருந்த சிப்புகள் கழன்றன. மேஜையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தூக்கி, தொப்பென்று போட்டால் சிப் மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று கம்பெனியிலிருந்தே யோசனை சொன்னார்களாம். அழகை முதலில் முடிவு செய்து, உள்ளே போவதைப் பிறகு திணித்ததற்குக் கிடைத்த பலன்.

இதுவரை சொன்னது ஒரு பெட்டி எப்படிப் பிறந்தது என்பது. அது ஏன் சாகவே இல்லை என்பதுதான் முக்கியமான பகுதி.

ஐ.பி.எம். தன் பி.சி.யின் சர்க்யூட் படங்களைப் புத்தகமாகவே வெளியிட்டது. அடுத்தவர்கள் கார்டு செய்து விற்கட்டும் என்ற எண்ணம். கார்டு மட்டுமா செய்தார்கள்? காம்பேக் போன்றவர்கள் முழுக் கம்ப்யூட்டரையே நகல் எடுத்தார்கள். நகல் எடுத்தவன் அளவையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஏனென்றால் கார்டு ஒரு கம்பெனியுடையது, போர்டு இன்னொரு கம்பெனியுடையது, டப்பா மூன்றாவது கம்பெனியுடையது. துளை துளையோடு பொருந்தாவிட்டால் வியாபாரமே இல்லை. 1983இல் ஐ.பி.எம். 'எக்ஸ்.டி.' மாடலில் இரண்டு ஸ்லாட்டுகளுக்கு நடுவே 0.8 அங்குல இடைவெளி விட்டது. இன்றைக்கு லட்ச ரூபாய்க்கு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டும் மாணவத் தம்பிகள் ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கலாம். அதே 0.8 அங்குலம்தான். கார்டின் முனையில் இருக்கும் வளைந்த தகடும் ஏறக்குறைய அதேதான்.

இன்னொரு உதாரணம். 1976இல் ஷுகார்ட் என்ற கம்பெனி ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி டிரைவ் கொண்டுவந்தது. ஃப்ளாப்பி போய் சி.டி. வந்தது, சி.டி. போய் டி.வி.டி. வந்தது, வட்டின் அளவு கூட வேறு. ஆனால் டிரைவின் அகலம் 146 மில்லிமீட்டர் அப்படியே நின்றது, ஏனென்றால் டப்பாவில் இருந்த வாய் அந்த அகலம். அந்த ஃப்ளாப்பியைக் கண்ணால் பார்த்திராத தலைமுறையும் அதன் அளவில் செய்த பெட்டியைத்தான் வாங்கியது. செத்துப்போன தாத்தாவின் சட்டை அளவுக்குப் பேரனுக்குத் துணி தைக்கிற கதை!

ஐ.பி.எம்.மே இதை மாற்றப் பார்த்தது. 1987இல் 'பி.எஸ்./2' என்று புது வரிசை. கார்டு வேறு, ஸ்லாட் வேறு, நகல் எடுத்தால் பணம் கட்ட வேண்டும். நகல்காரர்கள் ஒன்பது பேர் கூட்டணி சேர்ந்து, "நீ போ, நாங்க பழைய வழியிலேயே போறோம்" என்று விட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்குத் தாய் தகப்பன் கிடையாது. யாருக்கும் சொந்தமில்லாததால் யாராலும் மாற்ற முடியவில்லை. 1995இல் இன்டெல் 'ஏ.டி.எக்ஸ்.' என்ற அளவைக் கொண்டுவந்தது: போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், எஸ்.எம்.பி.எஸ். முகம் 150க்கு 86. இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. அதற்கு முந்தைய 'ஏ.டி.' கேபினெட்டில் 230 வோல்ட் நேராக முன்பக்கப் பொத்தானுக்கு வரும். டேப் சுற்றாமல் விட்டால் தொட்டவர் கதை கந்தல். ஏ.டி.எக்ஸ்.ஸில் அந்த ஆபத்து போயிற்று. இன்டெல்லே 2003இல் 'பி.டி.எக்ஸ்.' என்று காற்றோட்டத்துக்கு ஏற்ற வேறு அமைப்பை முன்வைத்தபோது சந்தை ஏற்கவில்லை. மூன்று வருடத்தில் கைவிட்டார்கள். ஐ.பி.எம். தோற்றது, இன்டெல் தோற்றது. டப்பா ஜெயித்தது.

அப்படியானால் கேபினெட் செய்கிறவனுக்கு மிச்சம் என்ன? முன்பக்கத்து பிளாஸ்டிக் முகமூடி மட்டும்தான். உடம்புக்கு ஒரே டை, முகத்துக்கு மட்டும் நாலைந்து அச்சு. தைவானில் இருந்து வந்த பெட்டிகளில் பத்து கம்பெனிப் பெயர் இருக்கும். முகத்தைப் பிடுங்கினால் பத்தும் ஒரே பிள்ளை. கற்பனை முழுவதும் அந்த ஒரு முழ உயர பிளாஸ்டிக்கில்தான் விளையாடியது. 'டர்போ' பொத்தான் ஞாபகம் இருக்கிறதா? அழுத்தினால் வேகமாகும் என்று நாம் எல்லாரும் நம்பினோம். நிஜத்தில் அது வைத்தது வேகத்தைக் குறைக்க. பழைய விளையாட்டுகள் பி.சி.யின் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு எழுதப்பட்டவை, புது மெஷினில் கண்மண் தெரியாமல் ஓடும். பக்கத்தில் '33', '66' என்று பச்சையில் மின்னும் எண் இருக்குமே, அது எதையும் அளக்கவில்லை. பின்னால் இருக்கும் சிறு ஜம்பர்களை மாற்றினால் எந்த எண்ணையும் காட்டும். நானே ஒரு வாடிக்கையாளர் ஆசைக்கு '99' வைத்துக் கொடுத்திருக்கிறேன். மன்னிக்கவும்.

வித்தியாசமாகச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. 1984இன் மெக்கின்டாஷ், தலையில் கைப்பிடியோடு ஒரு குட்டி முகம் போல வந்தது. அதன் உள் சுவரில், செய்தவர்கள் கையெழுத்துகள் அச்சிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வாங்கியவர் திறக்கவே கூடாத பெட்டிக்குள், யாரும் பார்க்காத இடத்தில்! 1988இல் ஸ்டீவ் ஜாப்ஸின் 'நெக்ஸ்ட்', ஓரடிக் கறுப்பு மக்னீசியக் கனசதுரம். வார்ப்பில் எடுக்கும் பொருளுக்குப் பக்கம் சற்றே சாய்வாக இருக்க வேண்டும், அப்போதுதான் அச்சிலிருந்து வழுக்கி வரும். சாய்வே கூடாது, 90 டிகிரிதான் வேண்டும் என்றார் அவர். விலை 6,500 டாலர். வாங்க ஆள் இல்லை. 1991இல் கேட்வே என்ற அமெரிக்கக் கம்பெனி பசுமாட்டுப் புள்ளி போட்ட அட்டைப்பெட்டியில் கம்ப்யூட்டரை அனுப்பிப் பெரிய பெயர் வாங்கியது. அட்டைக்கு மட்டும்தான் புள்ளி. உள்ளே எடுத்தால் பிஸ்கட்.

1995இல் ஏசர் கரும்பச்சையில் 'ஆஸ்பயர்' கொண்டுவந்தது. அந்தக் காலத்தில்தான் என் சொந்தக் கதையும் நடந்தது.

படிப்பு முடிந்து, சென்னை ரிச்சி தெருவில் நானும் என் ஹாஸ்டல் ரூம்மேட்டும் எட்டுக்குப் பத்தடிக் கடையில் அசெம்பிள் செய்து விற்றோம். 1996இல் ஒரு யோசனை வந்தது. எல்லாக் கடையிலும் ஒரே பெட்டி. நாம் மட்டும் கலரில் கொடுத்தால்? நாற்பது கேபினெட் எடுத்து, ஸ்கூட்டருக்கு பெயின்ட் அடிக்கும் பட்டறையில் கொடுத்தோம். கிளிப்பச்சை இருபது, செங்கல் சிவப்பு இருபது. வந்து இறங்கியபோது தெருவே எட்டிப் பார்த்தது. ஆனால் வாங்கவில்லை. ஆடிட்டர் ஒருவர், "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா கிளையன்ட் வர்ற இடம், பொம்மை மாதிரி இருக்கே" என்றார். கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணாச்சி ஒருவர் இரண்டு சிவப்பு வாங்கினார். அவர் மட்டும்தான் கேள்வி கேட்காமல் வாங்கினார்.

விற்காதது மட்டும் இல்லை. விற்ற சிலதும் திரும்பி வந்தது. "தொட்டா சுர்ருன்னு அடிக்குது" என்றார்கள். பட்டறைக்காரர் அன்பு மிகுதியில் உள்பக்கத்துக்கும் சேர்த்து அடித்துவிட்டார். கேபினெட்டின் தகடுகள் ஒன்றையொன்று வெறும் உலோகமாகத் தொட வேண்டும். அப்போதுதான் மொத்தப் பெட்டியும் ஒரே எர்த்தாக நிற்கும். நடுவே பெயின்ட் வந்தால் ஒவ்வொரு தகடும் தனித்தனி. அதோடு நம் வீடுகளில் மூணாவது பின்னுக்குப் பின்னால் உண்மையில் எர்த் இருக்கிறதா என்பது கடவுளுக்கே வெளிச்சம். நாற்பது பெட்டியையும் பிரித்து, உப்புத்தாள் வைத்து ஓரங்களைத் தேய்த்த அந்த வாரத்தில் நான் கற்றது, மூன்று வருடம் இயற்பியல் படித்ததில் கற்றதை விடக் கொஞ்சம் கூடுதல். அந்த நஷ்டத்தில் கூட்டுக் கடை பிரிந்தது. அவன் இப்போது வேறு ஊரில் வேறு தொழில். இந்தச் சந்திப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

வேடிக்கை என்னவென்றால், 1998 ஆகஸ்டில் ஆப்பிளின் 'ஐமேக்' வந்தது. ஜோனதன் ஐவ் வடிவமைத்த, உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும் கடல் நீலம். அந்த வருட முடிவுக்குள் சுமார் 8 லட்சம் விற்றது. அடுத்த ஜனவரியில் ஐந்து கலரில் கொடுத்தார்கள். உடனே அதே ரிச்சி தெருவில் "அந்த புளூ மாதிரி கேபினெட் இருக்கா?" என்று வரிசை. தைவானில் இருந்து வந்தது என்ன? அதே இரும்பு உடம்பு, முகத்தில் மட்டும் இரண்டு நீலக் கண்ணாடிப் பிளாஸ்டிக் பட்டை! அச்சு அசலாக நகல் எடுத்தவர்கள் மீது அமெரிக்காவில் ஆப்பிள் வழக்குப் போட்டது. நம் பக்கத்துப் பட்டைகளை யாரும் சீண்டவில்லை.

ஆப்பிளும் ஒவ்வொரு முறையும் ஜெயித்துவிடவில்லை. 2000இல் வந்த கண்ணாடி போன்ற 'ஜி4 கியூப்' ஒரே வருடத்தில் நிறுத்தப்பட்டது. இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2013இன் உருளை வடிவ 'மேக் ப்ரோ' பார்க்க அபாரம். ஆனால் அந்த வடிவத்துக்குள் அதிகச் சூடு தரும் புதுச் சில்லுகளை வைக்க வழியில்லாமல், வடிவமே தங்களை மூலையில் தள்ளிவிட்டது என்று அந்நிறுவனமே 2017இல் ஒப்புக்கொண்டது. 2019இல் பழையபடி நிமிர்ந்து நிற்கும் ஒரு பெட்டிக்கே திரும்பினார்கள்.

ஆகவே, "டப்பா செய்பவர்களுக்குக் கற்பனை இல்லை" என்ற குற்றச்சாட்டில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அழகான பெட்டிகள் பெரும்பாலும் மூடிய பெட்டிகள்; உள்ளே கை வைக்க முடியாது. அசிங்கமான பிஸ்கட் பெட்டியை ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் யாரும் திறக்கலாம், ராம் மாற்றலாம், போர்டு மாற்றலாம். ரிச்சி தெருவில் பிழைத்த அத்தனை குடும்பங்களுக்கும் சோறு போட்டது அந்த அசிங்கம்தான். துளைகள் பொருந்தியதால்தான் பட்டதாரியும் பத்தாவது ஃபெயிலும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் ஒரே தொழில் செய்ய முடிந்தது.

என் குறை வேறு. அந்தப் பெட்டி நம் ஊருக்காக யோசிக்கப்படவே இல்லை. ஏ.சி. ஆபீசுக்குச் செய்த பொருளை மே மாதத்து வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், ரைஸ் மில் கணக்கு அறையில் வைத்தோம். விசிறி காற்றை இழுக்கும். கூடவே தவிட்டையும் இழுக்கும். 1990களில் எங்கள் கைக்கு வந்த கேபினெட்டில் ஒரு தூசி வலை கூட இருந்ததில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் பல்லி போய்க் கருகிக் கிடந்ததை எத்தனை முறை எடுத்திருக்கிறேன்! காலியான ஸ்லாட் ஓட்டை வழியாகக் கரப்பான் குடும்பம் நடத்தும். அதற்கு நாம் கண்டுபிடித்த ஒரே பதில், நம் கல்லூரி லேபில் போட்டிருந்த அந்தத் துணி உறை. சில வீடுகளில் மெஷின் ஓடும்போதே உறையைப் போட்டு வைத்து, அது வெந்து போனதும் உண்டு. ஆயிரக்கணக்கில் அசெம்பிள் செய்தோம், ஒரு நல்ல வலை போட்ட, எறும்பு புகாத, எர்த் இல்லாத வீட்டுக்கும் ஒத்துவருகிற பெட்டியை நாங்கள் யாரும் வரைந்து பார்க்கவில்லை. பெயின்ட் அடித்தோம். நானும்தான்.

இப்போது கடைகளில் நிற்கும் கேபினெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பிஸ்கட் போய்க் கறுப்பு வந்தது, கறுப்புத் தகடு போய்க் கண்ணாடி வந்தது, உள்ளே வானவில் விளக்கு. சி.டி. டிரைவ் ஒழிந்ததால் முன்பக்கம் காலியாயிற்று. அந்த இடத்தில் மூன்று விசிறி. பத்துப் பெட்டியை வரிசையாக வைத்தால் எது எந்தக் கம்பெனி என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஒன்று: காந்தத்தில் ஒட்டி எடுக்கும் தூசி வலை பலவற்றில் வருகிறது. முதன்முதலில் அதைப் பார்த்தபோது கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலர்க் குழுவிடம் பேசியபோது இன்னொன்றும் தெரிய வந்தது. நம் பழைய லேபின் எட்டு மெஷின்களில் மூன்று இன்னும் ஸ்டோர் ரூமில் கிடக்கின்றனவாம், கழிவுப் பட்டியலில் எழுதியாயிற்றாம். முதல்வர் அவர்களிடம் ஒன்றை மட்டும் விட்டு வைக்கும்படி கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார். சந்திப்பு அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, இயற்பியல் துறை வராந்தாவில் அதைத் திறந்து காட்டுகிறேன். மாணவர்கள் வரலாம். ஒரு ஸ்கேல் எடுத்து வந்தால் போதும். ஸ்க்ரூடிரைவர் நான் கொண்டுவருகிறேன். தகட்டின் ஓரம் கையைக் கிழிக்கும், ஜாக்கிரதை.